சி7–சி40 ஆல்கேன் ஸ்டாண்டர்டு: பூச்சி மெழுகு ஆய்வுக்கு எவ்வளவு உதவும்?

வாயு நிறவரைவி–நிறை நிறமாலைமானியில் (ஜிசி-எம்எஸ்) மாதிரியோடு ஒப்பிட ஓட்டும் அளவுகோல் கலவை இது: 7 கார்பன் உள்ள ஆல்கேன் (சி7) முதல் 40 கார்பன் உள்ளது (சி40) வரை. சுபெல்கோ நிறுவனத்தின் இந்தக் கலவை ஹெக்சேன் கரைப்பானில் வருகிறது. ஒவ்வொரு ஆல்கேனும் மி.லி.க்கு 1000 மைக்ரோகிராம். பூச்சித் தோலின் ஹைட்ரோகார்பன்கள் பெரும்பாலும் சி21-க்கு மேல்தான் என்பதால், முன்பாதி நமக்கு வீண். சி7 கரைப்பானை ஒட்டியே வந்து, டிடெக்டர் விழிப்பதற்குள் போய்விடும். பூச்சி வேலை மட்டும்தான் என்றால் டொலுயீனில் கிடைக்கும் சி21–சி40 கலவையே (லிட்டருக்கு 40 மி.கி.) போதும். அதே கருவியில் தாவர எண்ணெய்களும் ஓடுகிற ஆய்வகம் சி7–சி40 வாங்கலாம்.

ஸ்டாண்டர்டே வேண்டாம், கருவியின் நிறமாலை நூலகத்தோடு (தெரிந்த பொருள்களின் நிறமாலைத் தொகுப்பு) ஒப்பிட்டால் போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் நீண்ட ஆல்கேன்கள் எல்லாமே 57, 71, 85 நிறையுள்ள துண்டுகளாக ஒரே மாதிரி உடைகின்றன. உடையாத முழு மூலக்கூறின் நிறையைக் காட்டும் மூலக்கூறு அயனி மங்கிவிட்டால் (சி27-க்கு 380, சி29-க்கு 408) நூலகம் எதையாவது சொல்லும். அங்கே கைகொடுப்பது ரிடென்ஷன் இண்டெக்ஸ்தான்: ஒரு பொருள் வெளிவரும் நேரத்தை அக்கம்பக்க ஆல்கேன்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் (சி23 ஆல்கேனுக்கு 2300).

ஸ்டாண்டர்டில் 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் ஹெக்சேனில் கலந்து, 1 மைக்ரோலிட்டரை ஸ்பிளிட்லெஸ்ஸாக (பிரித்து வெளியேற்றாமல்) செலுத்தினால் ஒவ்வொன்றும் 10 நானோகிராம். பொருள்களைப் பிரிக்கும் குழாய் (column) 30 மீட்டர் டிபி-5எம்எஸ். 60 டிகிரியில் 2 நிமிடம், நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றி 320, அங்கே 15 நிமிடம். மாதிரியும் இதே புரோகிராமில் ஓட வேண்டும். குழாயின் நுனியை வெட்டினால் ஸ்டாண்டர்டை மறுபடி ஓட்டுங்கள். இண்டெக்ஸ் கணக்கிடும்போது, வெப்பம் ஏறும் ஓட்டத்துக்கு கோவாட்ஸின் லாக் (மடக்கை) சூத்திரம் பொருந்தாது; வான் டென் டூல்–கிராட்ஸ் (1963) நேர்கோட்டுக் கணக்கைப் போடுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊசியைக் குத்தாதீர்கள். குளிரில் நீண்ட ஆல்கேன்கள் படிந்திருக்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின் சோனிகேட் (மீயொலியால் கலக்குதல்) செய்யுங்கள். அப்படியும் சி36–சி40 உச்சங்கள் குட்டையாக இருந்தால் லைனர் (ஊசி செலுத்தும் இடத்துக் கண்ணாடிக் குழல்) அழுக்காக இருக்கலாம், அல்லது டிரான்ஸ்ஃபர் லைன் (குழாயை டிடெக்டரோடு இணைக்கும் சூடான பாதை) 300 டிகிரிக்குக் கீழே இருக்கலாம். கருவியின் உடல்நலத்தைக் காட்டுவதற்கே இதை வாங்கலாம்.

இதன் எல்லையைப் பெண் வீட்டு ஈயில் பார்க்கலாம். அதன் பாலின ஃபெரோமோன் (இசட்)-9-டிரைகோசீன், சி23-க்குச் சற்று முன்னே, இண்டெக்ஸ் 2275-ஐ ஒட்டி வரும். மூலக்கூறு அயனி 322. இரட்டைப் பிணைப்பு எங்கே என்பதை இண்டெக்ஸும் சொல்லாது, சாதாரண நிறமாலையும் சொல்லாது. அயோடினோடு டைமெத்தில் டைசல்பைடு சேர்த்து, அது இரட்டைப் பிணைப்பில் ஒட்டினால்தான் 173, 243 துண்டுகளும் 416 அயனியும் கிடைத்து 9-ஆம் இடம் உறுதியாகும்.

மெத்தில் கிளைகளிலும் இதே கதை. சி27 சங்கிலியில் நடுக்கிளை 2730-ஐ ஒட்டியும் 3-மெத்தில் 2775-ஐ ஒட்டியும் வரும். 11-மெத்திலும் 13-மெத்திலும் ஒரே உச்சத்தில் ஒட்டிக்கொள்ளும். 169, 253 துண்டுகள் தெரிந்தால் முன்னது, 197, 225 தெரிந்தால் பின்னது. நான்கும் இருந்தால் இரண்டும் இருக்கின்றன.

சி28-க்குச் சற்றுப் பின்னால் 69 துண்டு ஓங்கிய உச்சம் வந்தால் கைவிரலிலிருந்து ஒட்டிய ஸ்குவாலீனைச் (தோல் எண்ணெய்ப் பொருள்) சந்தேகியுங்கள்; 149 என்றால் பிளாஸ்டிக்கின் தாலேட். திறந்த ஆம்பூலை டெஃப்லான் மூடியுள்ள கண்ணாடிக் குப்பிக்கு மாற்றிவிடுங்கள். ஹெக்சேன் ஆவியாகிச் செறிவு ஏறினாலும் இண்டெக்ஸ் மாறாது. அளவு கணக்கிட மட்டும் அந்தக் குப்பியைத் தொடாதீர்கள்.