இதயச் செயலிழப்பும் ஒரு போன் ஆப்பும்: நீண்ட நாள் அனுபவம்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே போனில் ஒரு ஆப்பைப் போட்டு, ப்ளூடூத் எடை மெஷினையும் பிரஷர் பார்க்கும் கருவியையும் கையில் கொடுத்துவிட்டார்கள். சில வருடங்களாக இவற்றோடுதான் காலம் போகிறது.

இவற்றில் எனக்கு உண்மையாகவே உதவியது எடை மெஷின்தான். இதயம் சரியாக பம்ப் செய்யாதபோது சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு இல்லை, தேங்கிய நீர். கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்பே பல நேரங்களில் இது தெரிந்துவிடும். அதனால் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால் ஏறி நிற்க வேண்டும். எண்ணை நானே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால் பாதி நாள் விட்டிருப்பேன். மெஷினே அனுப்பிவிடுவதால் வரைபடம் அறுபடாமல் இருக்கிறது.

ஆனால் எடையை மட்டும் நம்பவும் முடியாது. பசியில்லாமல் உடம்பு இளைக்கும்போது நீர் சேர்ந்தாலும் மெஷின் அதே எண்ணைக் காட்டும். ஆப்பும் பச்சை நிறம் காட்டிக்கொண்டிருக்கும். நீர் சேர்ந்தால் தட்டையாகப் படுக்கும்போது மூச்சு முட்டும், தலையை உயர்த்தினால்தான் தூங்க முடியும். அதனால் நேற்று ஒரு தலையணையில் படுத்தவருக்கு இன்று இரண்டு தேவைப்படுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. என் ஆப் அதைக் கேட்பதில்லை. சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று வரிசையாகக் காட்டி, இன்றைய மனநிலை என்ன என்று கேட்கிறது!

ஆரம்பத்தில் எடை ஏறினால் அன்றைக்கே நர்ஸ் போன் செய்வார். உப்பு கூடியதா, மாத்திரை விட்டுப்போனதா என்று விசாரிப்பார். தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு நீர் மாத்திரையைச் சில நாளைக்குக் கூட்டுவார். அப்புறம் அந்த ஏற்பாட்டை மாற்றி, தானியங்கிச் செய்தி வைத்தார்கள். 'உங்கள் அளவு கவனிக்கத்தக்கது, மருத்துவரை அணுகவும்' என்று விடுமுறை நாள் சாயங்காலம் வரும். எந்த மருத்துவரை? அந்த மாற்றத்துக்குப் பிறகு ஆப்பைத் திறக்கவே அலுப்பாகிவிட்டது.

இந்த அலுப்பு எனக்கு மட்டும் வந்தது இல்லை. அமெரிக்காவில் 1,653 நோயாளிகளை வைத்து நடந்த டெலி-எச்எஃப் ஆய்வு 2010-இல் வெளியானது. தானியங்கித் தொலைபேசியில் தினமும் அறிகுறிகளையும் எடையையும் சொல்ல வேண்டும். வழக்கமான சிகிச்சையை விட அதில் எந்தப் பலனும் தெரியவில்லை. ஏழில் ஒருவர் அதைப் பயன்படுத்தவே இல்லை. 2018-இல் வெளியான ஜெர்மனியின் டிஐஎம்-எச்எஃப்2 ஆய்வில் 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் மறுமுனையில் இருந்தார்கள். திடீர் இதயப் பிரச்சினையால் மருத்துவமனையில் கழிந்த நாட்களும் இறப்பும் அங்கே குறைந்தன. அதில் இருந்தவர்களின் சராசரி வயது சுமார் 70. வயதானவர்களுக்கு இதெல்லாம் வராது என்பவர்கள் இதைக் கவனிக்கலாம். எங்களைத் தடுப்பது பொடி எழுத்தும் மாதாமாதம் மாறுகிற பாஸ்வேர்டும்தான்.

எல்லாருக்கும் இது ஒத்துப்போவதும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வரைபடத்தை அச்செடுத்து டாக்டரிடம் விவாதிப்பார். இன்னொருவர் எண்ணைப் பார்த்தாலே படபடப்பு வருகிறது என்று மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கிற நாளில்கூட 'நீ நோயாளி' என்று ஒரு கருவி நினைவூட்டினால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

எனக்குப் பெரிய தொல்லை, ஆப்பைக் குடும்பத்தோடு பகிரும் வசதி. அரை கிலோ கூடினால் போதும், மகன் அலுவலகத்திலிருந்து, "அப்பா, நேத்து உப்பு அதிகமா போட்டுக்கிட்டீங்களா?" என்பான். அக்கறைதான், ஆனால் உளவு போலவும் இருந்தது. அவனிடமே சொல்லி அதை நிறுத்திவிட்டேன்.

புதிதாக ஆப் கொடுத்தால் இரண்டு விஷயம் கேளுங்கள்: என் எண்ணை யார் பார்ப்பார்கள், எத்தனை மணி நேரத்துக்குள் கூப்பிடுவார்கள்? எடை ஏறினால் என்ன செய்வது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அது கையில் இல்லாமல் நீர் மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். நான் இப்போது எடையையும் பிரஷரையும் தவிர மற்ற அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். எத்தனை தலையணை என்பதை மட்டும் காலண்டரில் பென்சிலால் குறிக்கிறேன். டாக்டர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.