‘ஃப்ரீக்வெண்ட்லி’ எங்கே உட்கார வேண்டும்? ஆட்களைக் குறிக்கும் ஆங்கில வாக்கியங்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

அலுவலக அறிவிப்புப் பலகையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘எம்ப்ளாயீஸ் ஹூ கம் லேட் ஃப்ரீக்வெண்ட்லி லூஸ் தேர் போனஸ்.’

அடிக்கடி தாமதமாக வருகிறவர்களுக்கு போனஸ் கிடையாது என்கிறதா, தாமதமாக வருகிறவர்களுக்கு அடிக்கடி போனஸ் போய்விடுகிறது என்கிறதா? இரண்டு பொருளும் இலக்கணப்படி செல்லும். நடுவில் நிற்கிற ‘ஃப்ரீக்வெண்ட்லி’ இடது பக்கம் ‘கம் லேட்’டோடும் சேரும், வலது பக்கம் ‘லூஸ்’ஸோடும் சேரும். ஆங்கில இலக்கணக்காரர்கள் இதை ‘ஸ்க்விண்டிங் மாடிஃபையர்’ என்பார்கள். மாறுகண் அடை என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சில் தொல்லையில்லை, எங்கே நிறுத்துகிறோம் என்பதே பொருளைச் சொல்லிவிடும். காகிதத்தில்தான் வம்பு. அதனால்தான் சிலர் ‘ஃப்ரீக்வெண்ட்லி’க்குப் பிறகு ஒரு காற்புள்ளி போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அது வேறொரு பிழை: எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவில் ஒற்றைக் காற்புள்ளி நிற்கக்கூடாது.

இந்த வரியைச் சரிசெய்ய நான்கு வழிகள் உண்டு. நான்கும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

அடையை ‘ஹூ’வுக்குப் பக்கத்தில் வைப்பது

‘எம்ப்ளாயீஸ் ஹூ ஃப்ரீக்வெண்ட்லி கம் லேட் லூஸ் தேர் போனஸ்.’ இடதில் ‘ஹூ’ சுவராக நிற்கிறது, வலதில் உடனே வினை வருகிறது. வினையடைக்கு வேறு பக்கம் பார்க்க வழியில்லை. விதி, நிபந்தனை, ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு நான்கில் இதுதான் நம்பகமானது.

ஆனால் இதிலும் இட ஒழுங்கு உண்டு. சாதாரண வினை என்றால் அடை அதற்கு முன்னால். ‘ஆர்’, ‘வேர்’ போன்றவை மட்டும் இருந்தால் அவற்றுக்குப் பின்னால்: ‘ஹூ ஆர் ஆஃபன் லேட்’. துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால்: ‘ஹூ ஹேவ் நெவர் கம் லேட்’.

நம்மவர்கள் சறுக்குகிற இடம் அடுத்தது. தமிழில் வினையடை பொதுவாக வினைக்கு முன்னால்தான்: லேட்டா வர்றவங்க, நல்லா படிக்கிறவங்க, கஷ்டப்பட்டு உழைக்கிறவங்க. அதே பழக்கத்தில் எல்லா அடையையும் முன்னால் தள்ளினால் ஆங்கிலம் ஒத்துழைக்காது. ‘ஆஃபன்’, ‘ரேர்லி’, ‘ஆல்வேஸ்’ போல எத்தனை முறை என்று சொல்கிறவை முன்னால் இயல்பாக நிற்கும். ‘லேட்’, ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’, ‘எர்லி’ எல்லாம் வினைக்குப் பின்னால்தான். ‘ஹூ லேட் கம்’ காதில் உறுத்துகிறதே என்று ‘லி’ சேர்த்து ‘ஹூ லேட்லி கம்’ என்று திருத்துகிறவர்கள் உண்டு; ‘லேட்லி’ என்றால் ‘அண்மைக் காலமாக’. இதைவிட ஆபத்தானது ‘ஹார்ட்’. ‘ஒர்க்கர்ஸ் ஹூ ஒர்க் ஹார்ட்’ கடுமையாக உழைப்பவர்கள். ‘ஒர்க்கர்ஸ் ஹூ ஹார்ட்லி ஒர்க்’ வேலையே செய்யாதவர்கள் என்றே சொல்லலாம். பரிந்துரைக் கடிதத்தில் இந்த இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் அடையைச் செருகுவதும் ஆகாது. ‘ஹூ ரீட் கேர்ஃபுலி த கொஸ்டின்’ தவறு. ‘ஹூ ரீட் த கொஸ்டின் கேர்ஃபுலி’ அல்லது ‘ஹூ கேர்ஃபுலி ரீட் த கொஸ்டின்’.

‘ஹூ’வை எடுத்துவிட்டு ‘இங்’ போடுவது

‘எம்ப்ளாயீஸ் கமிங் லேட்’. தமிழின் ‘தாமதமாக வரும் ஊழியர்கள்’ என்கிற பெயரெச்சத்துக்கு நெருக்கமாகத் தெரிவதால் நமக்கு இது பிடித்துப்போகிறது. ‘எனிஒன் கமிங் லேட் வில் நாட் பி அட்மிட்டட்’ என்று கதவில் ஒட்டுவதற்கு இதைவிடச் சிக்கனமான வடிவம் இல்லை. இதன் குறை காலம். ‘நேற்றுத் தாமதமாக வந்த ஊழியர்கள்’ என்பதை ‘எம்ப்ளாயீஸ் கமிங் லேட் யெஸ்டர்டே’ என்று எழுத முடியாது. நடந்து முடிந்த ஒற்றைச் செயலை ‘இங்’ தாங்காது. அங்கே ‘ஹூ கேம் லேட் யெஸ்டர்டே’தான்.

‘ஹூ’வை எடுத்தால் ‘இங்’ கட்டாயம். இரண்டும் இல்லாமல் ‘எம்ப்ளாயீஸ் கம் லேட் லூஸ் தேர் போனஸ்’ என்று எழுதினால் இரண்டு வினைகள் மோதிக்கொள்ளும். தமிழில் ‘வரும்’ என்ற பெயரெச்சமே ஒட்டும் வேலையைச் செய்துவிடுவதால் ‘ஹூ’ என்ற தனிச்சொல்லின் தேவை நமக்கு உறைப்பதில்லை. ஆட்கள் செயப்படுபொருளாக இருக்கும்போது மட்டும் விட்டுவிடலாம்: ‘பீப்பிள் வி ரேர்லி மீட்’, நாம் எப்போதாவது சந்திக்கிறவர்கள்.

பெயராகவே சுருக்குவது

‘ஃப்ரீக்வெண்ட் லேட்கமர்ஸ்’. வினையடை பெயரடை ஆகிவிட்டது. ‘ஹெவி ஸ்மோக்கர்ஸ்’, ‘எர்லி ரைசர்ஸ்’ எல்லாம் இந்த வகை. தலைப்புக்கும் அட்டவணைக்கும் கச்சிதம். ஆனால் செயலைச் சொல்வதற்குப் பதில் ஆளின் நெற்றியில் பட்டம் ஒட்டுகிறது. எச்சரிக்கைக் கடிதத்தில் ‘யூ ஆர் எ லேட்கமர்’ என்பதைவிட என்றைக்கு எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதுவதே நியாயம் என்பது எங்கள் கருத்து. பொருள் மயக்கமும் உண்டு. ‘பியூட்டிஃபுல் டான்சர்ஸ்’ என்றால் ஆட்கள் அழகா, ஆட்டம் அழகா? ‘பீப்பிள் ஹூ டான்ஸ் பியூட்டிஃபுலி’ என்றால் ஆட்டம்தான், சந்தேகமே இல்லை.

இரண்டு காற்புள்ளி

‘எம்ப்ளாயீஸ், ஹூ ஃப்ரீக்வெண்ட்லி கம் லேட், லூஸ் தேர் போனஸ்.’ சொல் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இப்போது ஊழியர்கள் எல்லோருமே அடிக்கடி தாமதமாக வருகிறவர்கள், எல்லோருக்குமே போனஸ் போகிறது. காற்புள்ளி இல்லாவிட்டால் கூட்டத்திலிருந்து சிலரைப் பிரிக்கிறோம். இருந்தால் கூட்டம் முழுவதையும் வர்ணிக்கிறோம். தமிழ்ப் பெயரெச்சத்தில் இந்த வேறுபாட்டுக்கு வெளி அடையாளம் கிடையாது. ‘கடுமையாக உழைக்கும் விவசாயிகள்’ என்றால் உழைக்கிற சிலரா, விவசாயிகள் அனைவருமா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் மொழிபெயர்க்கும்போது காற்புள்ளி நம் கையில் தாறுமாறாக விழுகிறது. காற்புள்ளி போட்டால் ‘தட்’ வராது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம். காற்புள்ளி இல்லாத இடத்தில் மனிதர்களுக்கு ‘தட்’ போடுவது தவறு என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பது மிகைப்படுத்தல். ‘விச்’ மட்டும் இன்று தனி ஆட்களுக்கு ஆகாது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் கர்த்தரின் ஜெபம் ‘அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்’ என்றுதான் தொடங்குகிறது. அந்த வழக்கு போய்விட்டது.

ஒருமை பன்மையையும் பார்த்துவிடலாம். ‘தோஸ் ஹூ ஆஃபன் கம் லேட்’ பன்மை. ‘எனிஒன் ஹூ ஆஃபன் கம்ஸ் லேட்’ ஒருமை. நடுவில் ‘ஆஃபன்’ புகுந்து பெயரையும் வினையையும் பிரித்துவிடுவதால் அந்த ‘ஸ்’ கண்ணில் படாமல் போகும். ‘ஷி இஸ் ஒன் ஆஃப் தோஸ் ஹூ ஆஃபன் கம் லேட்’ என்பதில் அவள் ஒருத்தி என்றாலும் வினை ‘தோஸ்’ஸைப் பின்பற்றிப் பன்மையாகவே இருப்பதுதான் தேர்வில் எதிர்பார்க்கும் விடை.

நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் தீராத ஒன்று மிச்சமிருக்கிறது: எதிர்மறை. ‘ஹூ டோண்ட் ஆல்வேஸ் கம் ஆன் டைம்’ என்றால் சில நாள் நேரத்துக்கு வருவார்கள், சில நாள் வரமாட்டார்கள். ‘எப்போதும் நேரத்துக்கு வராத ஊழியர்கள்’ என்று தமிழில் எழுதினால் ஒரு நாளும் வராதவர்கள் என்றே முதலில் தோன்றும். அந்தத் தமிழை மனதில் வைத்துக்கொண்டு ‘ஹூ ஆல்வேஸ் டோண்ட் கம் ஆன் டைம்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலம் படிக்கிறவருக்கு எந்தப் பொருளும் சரியாகப் பிடிபடாது. ஒரு நாளும் வராதவர்கள் என்றால் ‘ஹூ நெவர் கம் ஆன் டைம்’. சில நாள் தவறுகிறவர்கள் என்றால் எதிர்மறையையே விட்டுவிட்டு ‘ஹூ சம்டைம்ஸ் கம் லேட்’. போனஸைப் பிடிக்கப் போகிறவர் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்பதை முதலில் தமிழிலேயே தெளிவாக்கிக்கொண்டால் ஆங்கில வரியை எழுத இரண்டு நிமிடம் போதும்.