மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை: காலைல போங்க
தமிழ்நாட்டுல 1999ல ஆரம்பிச்ச முதல் உழவர் சந்தை இதுதான், இன்னைக்கும் காய் வாங்கணும்னா என்னோட சாய்ஸ் இங்கதான். அடையாள அட்டை வச்சிருக்க விவசாயிங்களே நேரா விக்கிறாங்க, நடுவுல புரோக்கர் கிடையாது, கடைக்கு வாடகையும் இல்ல, அன்னன்னைக்கு விலைய போர்டுல எழுதிப் போட்டுருவாங்க அதனால பேரம் பேசுற தொல்லையே இல்ல. கீரைக்கட்டு வேர்ல ஈரமண்ணோட இருக்கும், சின்ன வெங்காயம் நசுக்குனா கண்ணு எரியும், அப்படி ஒரு ஃப்ரெஷ்! நாட்டுத் தக்காளி விக்கிற அக்கா ஒரு பழத்தைப் பிச்சு "சாப்ட்டுப் பாருங்க தம்பி"ன்னு குடுத்தாங்க, அந்தப் புளிப்புக்கே ரெண்டு கிலோ வாங்கிட்டேன், ரசம் வச்சா தெரு முழுக்க மணக்குது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே போயிருங்க, கீரை சீக்கிரம் தீந்துரும், கையோட துணிப்பையும் சில்லறையும் எடுத்துட்டுப் போங்க.