தெரியாமல் கூடக் கை வைக்கக் கூடாத ஊர்: 'த ஃபர்காட்டன் சிட்டி' மொட்

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமுக்கு ரசிகர்கள் செய்த மொட்களில் (கேமோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளும் மாற்றங்கள், புதுக் கதைகள்) ஒன்றுதான் போடலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 2015இல் இலவசமாக வந்தது, அடுத்த வருடமே அவுஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருதும் கிடைத்தது, ஒரு மொட்டுக்கு அப்படியொரு விருது என்பது லேசான விஷயமில்லை.

கதை இதுதான்: நிலத்துக்கு அடியில் ஒரு பழைய நகரம், அங்கே ஒருவர் குற்றம் செய்தாலும் எல்லாருக்கும் சாவு. ஸ்கைரிமில் கண்ணில் பட்டதையெல்லாம் பையில் போட்டே பழகிய கைக்கு இது எவ்வளவு பெரிய சோதனை! வெள்ளவத்தை வீட்டில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தி மகன், நான் மேசைக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் "அண்ணா, ஒண்டையும் எடுக்காதேங்கோ, எல்லாரும் செத்துப்போவினம்" என்று கத்தினான். சண்டையே இல்லாத ஒரு அறையில், வெறும் மேசைக்கு முன்னால் இவ்வளவு பதற்றமா? எனக்குப் பிடித்த இடம் அதுதான். அப்புறம் காலத்தில் பின்னோக்கிப் போய் விசாரிப்பது, ஆட்களிடம் கதை கேட்பது, எல்லாமே நல்லா இருக்கு.

குறை? முகங்கள் மரக்கட்டை மாதிரி, அது ஸ்கைரிமை இயக்கும் பழைய மென்பொருளின் (என்ஜின்) வேலை. வேறு மொட்களோடு சேர்த்துப் போட்டால் சிலநேரம் கேம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது, அதனால் சேவ் பண்ணிக்கொண்டே விளையாடுங்கள். ஸ்கைரிம் இல்லாதவர்கள் 2021இல் தனி கேமாக வந்ததை வாங்கலாம், அதில் நகரம் ரோமானிய நகரம்.