குலை நிலையத்து இணையத்துக்கு எந்தப் பூட்டு?

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் சிறு நிலையம் ஒன்றில் கணக்கையும் ஆட்களையும் பார்த்துக்கொள்கிறேன். (2007இல் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான்.) எடைமேடை அறையில் இருவர், கணக்கில் இருவர், லாரி ஓட்டுநர்கள் மூவர், குலை ஏற்றுபவர்கள் நால்வர். இந்தப் பதினொரு பேரின் இணையப் பயன்பாட்டை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்துவிட்டோம். பக்கத்து உரக்கடைக்காரர் போன வாரம் இதே கேள்வியுடன் வந்தார். அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

எங்களை இதில் இறக்கிவிட்டவை இரண்டு சம்பவங்கள். ஒரு மாலை ஆறு லாரிகள் வரிசையில் நிற்க, எடைச்சீட்டு அச்சாகவே இல்லை. எங்கள் எடை மென்பொருள் இணையம் வழியாக இயங்குவது. அந்த நேரத்தில் இரண்டு கைப்பேசிகளில் கால்பந்து நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே ஓட்டுநர் ஒருவருக்குத் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஓர் ஏபிகே கோப்பு (கைப்பேசியில் செயலி நிறுவும் கோப்பு) வந்தது. நம்பித் திறந்தார். அந்த மாதச் சம்பளம் முழுவதும் போய்விட்டது. இணைய மோசடிக்கான 997 எண்ணுக்கு அழைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, வங்கிக்கு அலைந்தோம், பணம் திரும்பவில்லை. அவருடைய கைப்பேசி, சம்பளம் போடும் எங்கள் கணினி இருந்த அதே வைஃபையில்தான் இருந்தது என்பது அன்று இரவுதான் எனக்கு உறைத்தது.

பயந்து போய் முதலில் எடுத்தது மிகக் கடுமையான வழி: முழுத் தடை. ரௌட்டரில் அனுமதிப் பட்டியல் ஒன்று போட்டு, வங்கி, ஊழியர் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), வருமான வரி வாரியம், செம்பனை எண்ணெய் வாரியம் ஆகியவற்றின் தளங்களை மட்டும் திறந்துவிட்டோம். கைப்பேசிகளைக் காலையில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மாலையில் கொடுத்தோம்.

காகிதத்தில் இது கச்சிதமாகத் தெரியும். நடைமுறையில் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. இன்றைய இணையப் பக்கம் ஒன்று, அதன் சொந்த முகவரியிலிருந்து மட்டும் வருவதில்லை. எழுத்துரு ஓரிடம், சரிபார்ப்புப் பெட்டி வேறிடம், படங்கள் இன்னோரிடம் என்று பல இடங்களிலிருந்து சேர்ந்து வருகிறது. வங்கிப் பக்கம் திறக்கும், ஆனால் சரிபார்ப்புப் பெட்டி வர வேண்டிய இடம் வெள்ளையாக நிற்கும். சேமநிதியும் சொக்சோவும் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அந்த மாதம் 14ஆம் தேதி இரவு ஒன்பது மணி வரை பட்டியலில் புதுப்புது முகவரிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டு வருவாய் 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டி 2.5 கோடி ரிங்கிட் வரை உள்ள வணிகங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் மின் விலைப்பட்டியலும் கட்டாயமாகிவிட்டது. இணையம் இல்லாமல் இனிக் கணக்கே இல்லை.

பிஸ்கட் டின்னைப் பற்றி எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது. ஒருநாள் தமிழ்ப்பள்ளியில் குடிநீர்க் குழாய் உடைந்து, பிள்ளைகளைப் பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். ஆசிரியை வாட்ஸ்அப் குழுவில் தகவல் போட்டிருக்கிறார். எடைமேடைக் கிராணியின் (எழுத்தரின்) கைப்பேசி டின்னுக்குள் கிடந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை பள்ளி வாசலில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறது. மாலையில் அந்தத் தங்கை என்னிடம் கோபப்படவில்லை. "அண்ணா, நாளை முதல் இதைப் பெட்டியில் போடமாட்டேன். வேலையை விட்டு நிற்கச் சொன்னால் நின்றுவிடுகிறேன்" என்றார். டின்னை அன்றே எடுத்துவிட்டேன்.

அடுத்து வந்தது டிஎன்எஸ் வடிகட்டி. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையகம், தீய தளம் என்று தெரிந்தால் முகவரி தர மறுத்துவிடும். அவ்வளவுதான் இதன் வேலை. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020இல் இதை இலவசமாகத் தொடங்கியது. ரௌட்டரில் 1.1.1.2 என்று போட்டால் தீநிரல் (கருவியைக் கெடுக்கும் நிரல்) தளங்கள் தடுக்கப்படும், 1.1.1.3 என்றால் ஆபாசத் தளங்களும் சேரும். போட்டு முடிக்கப் பத்து நிமிடம், செலவு ஒரு காசு இல்லை. முகநூலையோ காணொளியையோ இது தடுக்காது; அதற்கு வகை பிரித்துத் தடுக்கும் கட்டணச் சேவை வேண்டும்.

ஓட்டைகளும் உண்டு. விபிஎன் செயலி (போக்குவரத்தை மறைத்து வேறு வழியாக அனுப்புவது) வைத்திருப்பவர் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பர் தொடக்கத்தில், தொடர்பு பல்லூடக ஆணையத்தின் உத்தரவுப்படி இணையச் சேவை நிறுவனங்கள் சில, வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போகும் கேள்விகளைத் தங்கள் சேவையகங்களுக்கே திருப்பிவிட்டன. எதிர்ப்பு எழுந்து, அந்த மாதம் 8ஆம் தேதி அது கைவிடப்பட்டது. அப்படித் திருப்பும்போது நாம் போட்ட வடிகட்டி சத்தமில்லாமல் செயலிழந்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறையாவது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். இத்தனை குறை இருந்தும், கணக்குக் கணினிக்கு இதைப் போடாமல் இருக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கண்காணிப்பு மென்பொருள் விற்க ஒருவர் கோலாலம்பூரிலிருந்து வந்தார். யார் எந்தப் பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று வண்ண வண்ண வரைபடம் காட்டினார். முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. நான்தான் தடுத்தேன். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. ரௌட்டருக்குத் தளத்தின் பெயர் தெரியும், உள்ளே என்ன படித்தார்கள் என்பது தெரியாது. உள்ளேயும் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு கருவியிலும் ஒரு மின்சான்றிதழை நிறுவி, எல்லாப் போக்குவரத்தையும் நடுவில் நம் பெட்டி ஒன்றில் பிரித்துப் படிக்க வேண்டும். அப்போது ஊழியரின் வங்கிக் கடவுச்சொல்லும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகும். அந்தப் பொறுப்பைச் சுமக்கப் பதினொரு பேர் நிலையத்துக்கு ஏது பலம்? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. அது 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. என்ன தரவு, எதற்காகத் திரட்டுகிறோம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். 2024இல் வந்த திருத்தம், சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவதற்கான அபராத உச்சவரம்பை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்திவிட்டது. இதெல்லாம் போகட்டும். கூட வேலை செய்பவரின் தோளுக்குப் பின்னால் நாள் முழுவதும் நிற்க எனக்கு மனம் இல்லை.

கடைசியில் எங்களிடம் நிலைத்தது இரட்டை வைஃபை. ஒன்று வேலைக்கு: கணக்குக் கணினிகளும் எடைமேடையும் மட்டும், டிஎன்எஸ் வடிகட்டியுடன். மற்றது ஆட்களுக்கு. சாதாரண ரௌட்டரிலேயே 'விருந்தினர் வைஃபை' என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. அதில் சேரும் கைப்பேசி எங்கள் கணினிகளைத் தொட முடியாதபடி தனித்து நிற்கும். வேகத்துக்கு வரம்பு போட்டிருக்கிறோம். யார் என்ன பார்த்தாலும் எடைச்சீட்டு தடைபடாது. பகலில் வாட்ஸ்அப் தகவல் வரும் அளவுக்கு வேகம், மதிய இடைவேளையிலும் மாலை ஐந்துக்கு மேலும் முழு வேகம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். அந்த ஓய்வு நேரம் அவர்களுடையது. அதில் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

மாலை நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம், குலை ஏற்றும் நேப்பாளத் தம்பி ஒருவர். முழுத் தடை இருந்த நாட்களில், தன் கைப்பேசியில் தரவு தீர்ந்துபோனால் சாலை கடந்து சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று அவர்களுடைய வைஃபையில் வீட்டுக்குப் பேசுவார். மழையில்கூட. எங்களுக்காக நாள் முழுவதும் முதுகு ஒடியக் குலை ஏற்றியவர், தன் குழந்தையின் முகத்தைப் பார்க்க அடுத்தவர் கடையில் நிற்பதா?

இதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: வேலை நேரத்தில் காணொளி பார்ப்பதை இரட்டை வைஃபை நிறுத்தவில்லை. எந்த வழியும் நிறுத்தாது. கைப்பேசியில் சொந்தத் தரவு இருக்கும்போது எங்கள் ரௌட்டர் என்ன செய்துவிட முடியும்? கணினியைக் காப்பதும் இணைப்பின் வேகத்தைக் காப்பதும் பூட்டின் வேலை. கவனம் சிதறுகிறவரிடம் உட்கார்ந்து பேசுவது என் வேலை. லாரி மேடையில் ஏறினால் கைப்பேசி மேசைமேல் குப்புற இருக்க வேண்டும் என்ற ஒரே விதியை எடைமேடை அறைக்காரர்களே பேசி வைத்துக்கொண்டார்கள்.

உரக்கடைக்கு இரட்டை வைஃபையும் வடிகட்டியும் போதும் என்று சொல்லி அனுப்பினேன். நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலை என்றால் இதற்கென்று ஒரு தொழில்நுட்பர் வேண்டும். அவர்களுக்கு வகை பிரித்துத் தடுக்கும் கட்டணச் சேவை பொருந்தும்.

எங்கள் எடைமேடைக்கு வெளியே அன்றைய குலை விலை எழுதும் கரும்பலகை ஒன்று இருக்கிறது. ஆட்களுக்கான வைஃபையின் கடவுச்சொல்லை மாதம் முதல் தேதியில் மாற்றி, அதன் கீழ் மூலையில் எழுதி வைக்கிறோம்.