பிஎல்எம்மில் ஈசிஓ: அப்ரூவல் முடிந்த பிறகுதான் வேலையே

பிஎல்எம் மென்பொருள், அதாவது ஒரு தயாரிப்பின் டிராயிங், பாகங்கள், மாற்றங்களை எல்லாம் ஒரே இடத்தில் கையாளும் மென்பொருள், விற்க வருபவர்கள் முதலில் காட்டுவது அப்ரூவல் ஓட்டத்தைத்தான். ஒரு கட்டம் பச்சையாகும், அடுத்தவருக்கு மின்னஞ்சல் போகும், கடைசியில் ‘ரிலீஸ்டு’ என்று வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பல வருடங்களாக இதிலேயே ஈசிஓ (பொறியியல் மாற்ற ஆணை) போட்டு, துரத்தி, மூடிப் பழகிய எனக்கு அந்த ஓட்டம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எந்த மென்பொருளிலும் அது ஏறக்குறைய ஒன்றுதான். மென்பொருள் தேறுமா தேறாதா என்பது பாதிக்கப்படும் பாகங்களின் பட்டியலில் தெரிந்துவிடும்.

ஒரு பிராக்கெட்டின் தடிமன் 2 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிடிக்கும் ஸ்க்ரூ இனி நீளம் போதாது. அவசரத்தில் இருப்பவர் ஸ்க்ரூவின் டிராயிங்கைத் திறந்து நீளத்தை மாற்றி, அதே பார்ட் நம்பரில் அடுத்த ரிவிஷன் (திருத்தப் பதிப்பு) போட்டுவிடுவார். அதே ஸ்க்ரூ வேறு எந்தெந்த அசெம்பிளியில் இருக்கிறது என்று ‘வேர் யூஸ்டு’ தேடலில் பார்த்தால்தான் ஆபத்து புரியும். சரியான வழி, ஸ்க்ரூவைத் தொடாமல் இந்த ஒரு பிஓஎம்மில் (அசெம்பிளியின் பாகப் பட்டியலில்) மட்டும் வேறு பார்ட் நம்பரைப் போடுவது. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இந்தத் தேடல் வேகமானது, பல மட்டம் மேலே போகும். அதன் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன்.

ரிவிஷனா, புது பார்ட் நம்பரா என்ற கேள்வியை மட்டும் நான் பார்த்த எந்த மென்பொருளும் தானாகக் கேட்பதில்லை. வடிவம், பொருத்தம், செயல்பாடு மூன்றில் ஒன்று மாறி, பழையதற்குப் பதில் புதியதைப் போட முடியாது என்றாலே புது நம்பர் வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஓடும்போதே எஞ்சினை அணைத்துவிட்ட இக்னிஷன் ஸ்விட்ச் விவகாரம் தெரிந்ததுதானே. 2006-இல் ஸ்விட்ச்சின் உள்பாகம் மாற்றப்பட்டது, பார்ட் நம்பர் மாறவில்லை. பிறகு வந்த புலனாய்வாளர்களுக்கு ஒரே நம்பரில் இரண்டு விதமான ஸ்விட்ச் இருப்பதே நீண்ட காலம் தெரியவில்லை. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. எங்கள் படிவத்தில் ‘பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாமா?’ என்று ஒரு கட்டாயக் கேள்வி சேர்த்திருக்கிறோம். ‘இல்லை’ என்றால் ரிவிஷன் ஏற்ற விடாது. கட்டமைக்க ஒரு மதியம் போதும், எல்லோரும் செய்யலாம்.

அடுத்தது பழைய சரக்கு. ஸ்டோரில் இருப்பது, ஆர்டரில் இருப்பது, லைனில் ஓடுவது, அனுப்பத் தயாராக இருப்பது என ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு வேண்டும்: அப்படியே பயன்படுத்து, ரீவொர்க் செய், ஸ்க்ராப் போடு. எங்கள் மென்பொருள் வந்தபோது அதில் இதற்கு ஒரே ஒரு குறிப்புப் பெட்டிதான் இருந்தது. எல்லோரும் அதில் ‘உடனடி’ என்று எழுதினார்கள். உடனடி என்றால் எது, கையில் இருப்பதா, வரப்போவதா? பெட்டியை எடுத்துவிட்டு பாகத்துக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு நெடுவரிசை என்று மாற்றிய பிறகுதான் பர்ச்சேஸ் ஆட்கள் ஈசிஓவைத் திறந்து படிக்கவே ஆரம்பித்தார்கள்.

எப்போதிலிருந்து நடைமுறை என்பதிலும் இதே கதை. ‘பழைய ஸ்டாக் தீர்ந்ததும்’ என்ற முடிவுக்கு முன்கூட்டியே தேதி போட முடியாது. அதனால் திட்டமிட்ட தேதி ஒரு புலம், உண்மையில் மாறிய சீரியல் நம்பர் இன்னொரு புலம். புகார் வரும்போது கேட்கப்போவது இரண்டாவதைத்தான். ஈஆர்பிக்கு (கொள்முதல், சரக்குக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளுக்கு) புது பிஓஎம் தானாகப் போய்விடுகிறது, நல்லது. ஆனால் சப்ளையர் கையில் இருக்கும் பழைய டிராயிங் தானாகத் திரும்பி வராது. அதற்கு ஒருவர் போனை எடுத்தாக வேண்டும். அந்த வேலையும் ஈசிஓவில் ஒரு டாஸ்க்காக, ஒரு பெயரோடு இருக்கட்டும்.

பின்தொடர டாஷ்போர்டு வரைபடங்களை நான் பார்ப்பதே இல்லை. சேமித்து வைத்த ஒரு தேடல் போதும்: ரிலீஸ் ஆகி 30 நாள் தாண்டியும் மூடாதவை. வாரக் கூட்டத்தில் அந்தப் பட்டியல் மட்டும் திரையில் ஓடும். தலைப்பிலும் கண்டிப்பு தேவை. ‘டிராயிங் அப்டேட்’ என்ற தலைப்பில் எத்தனை ஈசிஓ கிடக்கிறது என்று உங்கள் சிஸ்டத்தில் தேடிப் பாருங்கள், சிரிப்பு வரும். முன்பு என்ன, இனி என்ன என்று இரண்டு வரி எழுதாதவற்றை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுகிறோம். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 ஆடிட்டில் மாற்றத்தை யார் அனுமதித்தார், என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்கும்போது வரலாற்றுப் பதிவைத் திறந்து காட்டினால் வேலை முடிந்தது. இதில் மென்பொருளுக்கு முழு மதிப்பெண்.

குறைகளும் உண்டு. அப்ரூவர் வேலையை விட்டுப் போனால் ஈசிஓ அப்படியே நிற்கும், அட்மின் வந்து கை வைக்கும்வரை நகராது. மொபைலில் இணைத்த கோப்பைத் திறக்காமலே ஒப்புதல் கொடுத்துவிடலாம், நேரப் பதிவைப் பார்த்தால் தெரியும். பிஓஎம் ஒப்பீடு அருமை, டிராயிங் ஒப்பீடு சுமார். ரிவிஷன் எழுத்துகள் ‘எச்’சுக்குப் பிறகு ‘ஐ’க்குப் போயின. ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி ‘ஐ’, ‘ஓ’ போன்ற குழப்பும் எழுத்துகளைத் தவிர்க்க வேண்டும், அதைக்கூட நாங்களேதான் அமைத்தோம்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் டெமோவுக்கு உங்களிடம் உள்ள மிகச் சிக்கலான பழைய ஈசிஓ ஒன்றைக் கொடுங்கள். பாகம் பாகமாகச் சரக்கு முடிவோடு அதைத் திரையில் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு, அப்புறம் விலை பேசலாம்.