கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு எந்த வேட்டை மீன் ஒத்துவரும்?

கப்பி, கோல்ட்ஃபிஷ் வளர்த்துக் கை பழகியவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை பெரிய வேட்டை மீன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் இதில் இறங்குகிறவர்கள் வாயில் அடிபடும் பெயர்கள் ஆஸ்கர், சில்வர் அரோவானா, ரெட்டெயில் கெளுத்தி, அலிகேட்டர் கார். இந்த வரிசையில் நம் ஊர் விராலையும் சேர்த்தே பார்க்கிறேன். கடையில் இவை எல்லாமே விரல் நீளக் குஞ்சுகள்தான். முழுதாக வளர்ந்தால் எத்தனை அடி, வாரத்துக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தண்ணீர்க் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நமக்கு அதுதான் இடிக்கும். வேட்டை மீனுக்குத் தீனி அதிகம், கழிவும் அதிகம். அதிலிருந்து வரும் அமோனியாவை ஃபில்டரில் குடியேறிய பாக்டீரியா நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அந்த நைட்ரேட் தானாகப் போகாது. தண்ணீரை மாற்றித்தான் வெளியேற்ற வேண்டும். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் உள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் பிடிக்கும். ஆறடி நீளமும் இரண்டடி அகல உயரமும் என்றால் 680 லிட்டர். வாரம் 30 சதவீதம் மாற்றினால் முன்னதற்கு ஐந்து குடம், பின்னதற்குப் பதினான்கு குடம். ஏப்ரலில் போர்வெல் வற்றி லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஆஸ்கருக்கு அந்த நான்கடித் தொட்டி போதும், ஒற்றையாக வளர்த்தால். ஒரு அடி, கொஞ்சம் கூடினால் ஒன்றேகால் அடி வளரும். பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும். நம் போர்வெல்லின் உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். அதன் குணம் தனி. தீனி போடுகிறவரை அடையாளம் கண்டு கண்ணாடியோடு ஒட்டி நிற்கும். தொட்டிக்குள் எதையாவது இடம் மாற்றி வைத்தால் நிறம் வெளுத்து, ஒருக்களித்துத் தரையில் படுத்துக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பதறிப்போவார்கள். கொஞ்சம் விட்டுப்பிடித்தால் அதுவே எழுந்து வரும்.

அரோவானா பார்க்க ராஜா. ஆனால் இரண்டடி, மூன்றடி வளரும் மீன் அது. ஆறடித் தொட்டி நீளத்துக்குச் சரி, திரும்புவதற்கு இரண்டடி அகலம் போதாது. அமேசானில் தண்ணீருக்கு மேல் தாழ்ந்த கிளைகளில் இருக்கும் பூச்சியை ஒரு மீட்டருக்கும் மேல் எம்பிப் பிடிக்கிற ஜாதி. மூடியை இறுக்கிப் பூட்டாத வீட்டில் காலையில் தரையில்தான் கிடக்கும். வாஸ்து மீன் என்று வாங்குகிறவர்கள் நிறைய. வாஸ்துவை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் தங்கநிற ஆசிய அரோவானா என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். அது, அருகிவரும் உயிரினங்களின் உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள இனம். முறையான ஆவணம் இல்லாமல் தொடவே கூடாது. ஆஸ்கரா, சில்வர் அரோவானாவா என்று கேட்டால், நம் ஊர் வீடுகளுக்கு நான் தயங்காமல் ஆஸ்கரைத்தான் சொல்வேன்.

இப்போது விரால். கேரளத்தில் வரால் என்பார்கள். சாப்பாட்டு மீன்தானே என்று ஒதுக்கிவிடுகிறோம், எனக்கு அது பெரிய மனக்குறை. வேட்டையில் அது எந்த அமேசான் மீனுக்கும் குறைந்ததில்லை. அசையாமல் நிற்கும், உடம்பை எஸ் மாதிரி வளைக்கும், அடுத்த நொடி இரை வாய்க்குள். மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும். கோடை மழையில் இரவு முழுக்கக் கரண்ட் போனாலும் திணறாது. ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி கட்டாயம். மேலே வர வழியில்லாவிட்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அழகு இல்லை என்பவர்கள் குளத்தில் விரால் குஞ்சுகளைப் பார்த்திருக்க வேண்டும். செம்மஞ்சள் குஞ்சுகள் திரளாகக் கொப்பளிக்க, அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும்.

விரால் இரண்டடி வரும். கண்ணாடித் தொட்டியை விட முற்றத்துச் சிமெண்ட் தொட்டிதான் அதற்கு வசதி, மேலே வலையோடு. வீட்டுக்குள்தான் வேண்டுமென்றால் அதன் உறவுக்கார மீனான குரவை ஒரு அடிக்குள் நின்றுவிடும். குஞ்சுகளைப் பண்ணையிலிருந்து வாங்குங்கள். புலிவாகையை மட்டும் விட்டுவிடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத விரால் இனம் அது, 2011-இல்தான் தனி இனம் என்று மறுபடி உறுதியானது. ஏற்கெனவே அருகிவருகிறது.

ரெட்டெயில் கெளுத்தியும் அலிகேட்டர் காரும் எனக்குப் பேச்சுக்கே இடமில்லாதவை. ரெட்டெயில் ஒன்றிரண்டு வருடத்தில் இரண்டடி, பிறகு ஒரு மீட்டரையும் தாண்டும். அலிகேட்டர் காரோ ஆள் உயரத்தையே மிஞ்சும். எந்த வீட்டுத் தொட்டியும் தாங்காது. தாங்காதபோது எங்கே போய்ச் சேரும்? 2018 வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அமேசானின் ராட்சத மீனான அரபைமாவும் அலிகேட்டர் காரும் வலையில் மாட்டின. ஆழியாற்றுத் தண்ணீர் நம் சித்தூர்ப்புழை வழியாகப் பாரதப்புழைக்குப் போகிறது. இங்கே வாய்க்காலில் விடும் மீனுக்குப் பொன்னானி வரை வழி திறந்திருக்கிறது.

ஏற்கெனவே ஒரு ரெட்டெயில் வைத்திருந்தால் இப்போதே வழி தேடுங்கள். ஒரு அடி இருக்கும்போது பெரிய குளத்தொட்டி வைத்திருப்பவர் எடுத்துக்கொள்வார், விற்ற கடைக்காரரும் சில சமயம் திரும்ப வாங்குவார். மூன்றடி ஆன பிறகு யாரும் வாங்கமாட்டார்கள்.